சுரங்க இருளும் ஒளிப்படக் கலையும்

சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பிலே தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் தமது கைபேசியில் ஓர் ஒளிப்படத்தை எமக்குக் காட்டினார். நிலத்தினடியிலே கோயில் மண்டபம் போல உயர்ந்து விரிந்த ஒரு பெருங்கூடம். அதன் அடியிலே நீலம் பாரித்த தெளிந்த நீர். நீரின் கரையிலே நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு மனிதனின் சிற்றுருவம். அவனது தலைவிளக்கின் ஒளி எதிர்ச்சுவரிற் பட்டுப் படர்கின்றது. படத்தின் கீழே 'வட வேல்ஸ்' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. "இயற்கையின் அற்புதத்தைப் பாருங்கள், சேர்" என்றார் மாணவர்.

அஃது இயற்கையின் அற்புதம் அன்று. வேல்ஸ் நாட்டின் வட பகுதியிலே கைவிடப்பட்டுக் கிடக்கும் சிலேற்றுக்கற் சுரங்கங்களுள் ஒன்றின் அறை அது. கூரையிலிருந்து அடித்தளம் வரை, மனிதக் கைகளே உளியும் வெடிமருந்தும் கொண்டு அதனை அகழ்ந்தெடுத்தன. இதனை எடுத்துக் கூறியபோது மாணவர் வியப்படைந்தார். சற்று வெட்கமும் அடைந்தார். ஆயினும் அவரைக் குறைகூறுவதற்கில்லை. அவ்வாறு எண்ணும்படியாகவே அப்படம் எடுக்கப்பட்டிருந்தது. மனிதன் ஆக்கியதொன்றை இயற்கை ஆக்கியதாகக் காட்டும் கலையை எங்ஙனம் மதிப்பிடுவது? அன்று முதல் எம்மைத் தொடர்ந்துவரும் இக்கேள்வியை இங்கே வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் நிலத்தடிக் கற்குழிகளிலும் புகுந்து பார்ப்பதும், பார்த்தவற்றைப் படமாக்குவதும் பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம் முதலிய நாடுகளிலே சில தசாப்தங்களாக ஒரு பொழுதுபோக்காகவும், அதனின்று கிளைத்த ஒரு கலைவகையாகவும் வளர்ந்துள்ளன. இதில் ஈடுபடுவோரை வெறும் வேடிக்கைப் பிரியர் என ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. இற்றுப்போன மரத்தாங்கிகள், தளர்ந்த கூரை, மூச்சுவிடத் தகாத காற்று, நீர் நிரம்பிய குழிகள் ஆகியவற்றினூடே அவர்கள் செல்கின்றனர். படத்தையன்றி வேறெதனையும் எடுத்துவரலாகாது என்பது அவர்களுட் பலர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. அவர்களது செய்முறையும் பொறுமையை வேண்டுவது. முக்காலியிற் பொருத்திய கருவியின் கண்ணை இருளிலே நெடுநேரம் திறந்துவைத்து, கைவிளக்குடன் மூலைகள்தோறும் நடந்து, சுவர்களின்மேல் ஒளியைத் தூரிகைபோல் தடவித் தடவி ஒரு படத்தை ஆக்குகின்றனர். ஓவியனின் உழைப்பு இதில் உண்டு. ஆகவே இதனைக் கலையாகவே ஏற்று, கலையிடம் கேட்கும் கேள்விகளையே இதனிடமும் கேட்டல் வேண்டும்.

இக்கலையின் பிறப்பை ஆராய்வோர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். நிலத்தடிக் கற்குழிகளைச் செயற்கை ஒளிகொண்டு படம்பிடித்த முன்னோடிகளுள் தலையாயவர், நடார் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுக்காரர். பாரிஸ் மாநகரின் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வேண்டிய சுண்ணக்கல் பல நூற்றாண்டுகளாக அந்நகரின் அடியிலிருந்தே அகழப்பட்டது. அவ்வாறு அகழ்ந்து கைவிடப்பட்ட குடைவுகளிற் சிலவற்றில், 1786ஆம் ஆண்டு முதல், நகரத்து இடுகாடுகளின் எலும்புகள் கொண்டுவந்து அடுக்கப்பட்டன. அங்கேதான் 1861ஆம் ஆண்டளவில் நடார் தமது மின்விளக்குகளோடு இறங்கினார். அக்காலத்துத் தகடு ஒளியை ஏற்பதற்குச் சில வேளைகளில் 18 நிமிடங்கள் வரை வேண்டியிருந்தது. அத்துணை நேரம் அசையாது நிற்க எவராலும் இயலாது. ஆகவே, எலும்பேற்றிய வண்டியோடு தொழிலாளி நிற்க வேண்டிய இடத்திலே, தொழிலாளியின் உடையணிந்த பொம்மையொன்றை நிறுத்தி அவர் படம் எடுத்தார்.

இது நடாரின் குற்றமன்று. கருவி அவருக்கு விதித்த எல்லை. பொம்மையை நிறுத்தியேனும் 'இங்கே உழைப்பவன் ஒருவன் உண்டு' என்று கூற அவர் விரும்பினார் என்பதே மனங்கொள்ளத்தக்கது. முப்பது ஆண்டுகளின் பின்னர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கோர்ன்வாலிலே பரோ என்னும் படப்பிடிப்பாளர் செப்பு, வெள்ளீயச் சுரங்கங்களுள் இறங்கி, மக்னீசிய ஒளியிலே எடுத்த படங்களை 1893இல் நூலாக வெளியிட்டார். அவற்றிலே மெய்யான தொழிலாளர் நிற்கின்றனர். தொப்பியிற் களிமண்ணால் ஒட்டிய மெழுகுதிரியோடு நம்மை நேர்நோக்குகின்றனர். இன்றைய கைவிடப்பட்ட சுரங்கப் படங்களிலோ தொழிலாளியும் இல்லை, பொம்மையும் இல்லை, அவன் நின்றிருக்கக்கூடும் என்ற நினைவுக்குரிய இடமும் பெரும்பாலும் இல்லை. தொழிலாளி இறந்துபோனான், சுரங்கம் மூடப்பட்டது, இனி எவ்வாறு அவனைக் காட்டுவது என்று கேட்கலாம். அதற்கு விடை காணச் சுரங்கத்தின் வரலாற்றுக்கே செல்லல் வேண்டும்.

நம் பெற்றோர் காலத்துப் பிள்ளைகள் அகரம் எழுதிப் பழகிய சிலேற்று எவ்வகைக் கல்லால் ஆயதோ, அவ்வகைக் கல்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியத் தொழில் நகரங்களுக்குக் கூரையாயிற்று. 1898ஆம் ஆண்டளவில் வேல்ஸின் சிலேற்றுத் தொழில் உச்சநிலை எய்தியபோது, ஏறத்தாழ 17,000 தொழிலாளர் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் தொன்னை அண்மிய கல்லை உற்பத்தி செய்தனர். பெதஸ்தா போன்ற ஊர்களில் மலையைத் திறந்தவெளியிலே படிப்படியாக வெட்டினர். பிளைனாய் பெஸ்தினியொக் என்னும் ஊரிலோ கற்படுகை மலையினுள்ளே சரிந்து இறங்கியமையால், அதனைத் தொடர்ந்து நிலத்தினடியிற் செல்ல வேண்டியதாயிற்று. கூரையைத் தாங்கத் தடித்த பாறைச் சுவர்களை இடையிடையே விட்டு, அவற்றுக்கிடையே அறையறையாகக் குடைந்தனர். இன்று நாம் படங்களிற் கண்டு மலைக்கும் கூடங்கள் இவ்வறைகளே. ஒரு தொன் கூரைக்கல் எடுப்பதற்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட பாறை கழிவாயிற்று. ஊரைச் சூழ்ந்து நிற்கும் சாம்பல்நிறக் குன்றுகள் அக்கழிவே.

அறையின் சரிவான முகப்பிலே, இரும்பு முளையிற் கட்டிய சங்கிலியைத் தொடையிற் சுற்றிக்கொண்டு, அந்தரத்திலே தொங்கியபடி தொழிலாளி பாறையிலே துளையிட்டான். மாதந்தோறும் மேற்பார்வையாளன் வந்து, அவனது குழுவுக்குரிய பாறைமுகத்தைப் பார்த்து, அம்மாதத்துக்கான விலையைப் பேசுவான். 'பேரம்' என்பதே அம்முறையின் பெயர். நல்ல பாறை வாய்த்தாற் சோறு; தீய பாறை வாய்த்தாற் கடன். மேற்பார்வையாளனின் தயவு இருந்தால் விலை உயரும். சங்கத்தில் ஈடுபட்டவனாயின் அது தாழவும் கூடும். வெடிமருந்துக்கும் திரிக்கும் உரிய செலவு தொழிலாளியின் கணக்கிலேயே விழுந்தது. மெழுகுதிரிச் செலவும் அவ்வாறே. தன் வேலைக்கு வேண்டிய வெளிச்சத்தையும் தொழிலாளி தன் காசிலே வாங்கினான்.

மெழுகுதிரியின் ஒளி எவ்வளவு தூரம் செல்லும்? தன் கைக்கெட்டிய பாறையை மட்டுமே அவனால் தெளிவாகக் காண முடிந்தது. தலைக்குமேல் எவ்வளவு உயரம், காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பதை ஓசையாலும் அனுபவத்தாலும் அவன் அறிந்திருந்தானேயன்றிக் கண்ணால் அறிந்தானல்லன். ஆண்டுக்கணக்கிலே தன் கையாற் குடைந்த கூடத்தின் முழுவுருவை ஒருமுறையேனும் காணாமலே பலர் முதுமையெய்தினர். உழைப்பாளி தான் ஆக்கிய பொருளிலிருந்தே அந்நியனாகின்றான் என்று மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ?

ஒளிப்படத்தின் சிக்கல் இங்கேயே தொடங்குகின்றது. ஆக்கியவன் ஒருபோதும் காணாத தோற்றத்தை அது நமக்குக் காட்டுகின்றது. அகழ்வின் விளைவைப் பொறுத்தவரை அப்படம் உண்மை. முன்னொருவரும் காட்டாத உண்மை. அகழ்ந்தவனின் அனுபவத்தைப் பொறுத்தவரையிலோ அது பொய். அவன் வாழ்ந்த இருளை முற்றாகத் துடைத்துவிட்டே இவ்வழகு ஆக்கப்படுகின்றது. இவ்விரண்டையும் அறிந்த கலைஞன், ஒளி பாய்ச்சும்போதே 'இவ்வொளி அவனுக்குக் கிடைக்கவில்லை' என்பதனையும் படத்தினுள் உணர்த்த முயல்வான். அறியாத கலைஞனுக்கு ஒளி வெறும் அலங்காரமாகின்றது.

இருள் அங்கே தவிர்க்கவியலாத விதியாக இருந்ததோ என்றால், இல்லை என்று வரலாறு கூறுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்குத் தப்பும்பொருட்டு பெஸ்தினியொக்கை அடுத்த மானொட் சிலேற்றுச் சுரங்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அறைகளினுள்ளே செங்கற் கட்டடங்கள் எழுந்தன. ஓவியத்துணி கெடாதவாறு வெப்பமும் ஈரப்பதமும் அளந்து பேணப்பட்டன. ஓவியங்களைக் காத்தது நற்செயலே, அதனைக் குறைகூறோம். ஆயின் அதே மலைகளின் அறைகளிலே தலைமுறை தலைமுறையாக வேலை செய்த மனிதரின் நுரையீரலைக் காப்பதற்கு அத்தகைய அக்கறை எழவில்லை என்பதை எங்ஙனம் மறப்பது?

1893இல் நிகழ்ந்த அரசாங்க விசாரணையொன்று, சிலேற்றுச் சுரங்கங்களின் நிலத்தடித் தொழிலாளரது இறப்பு வீதம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வீதத்தினும் மிகுதி என்று கண்டது. பாறைவீழ்ச்சியிலே தப்பியவரைக் கற்றூள் கொன்றது. நுரையீரலிற் சிலிக்காத்தூள் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோயே அது. நிருவாகங்களின் பக்கம் நின்ற வைத்தியருட் சிலர் தூளாலே தீங்கில்லை என்றனர். தொழிலாளர் நெடுநேரம் கொதிக்கவைத்த தேநீரைக் குடிப்பதே அவர்களது நோய்க்குக் காரணம் என்று கூறியோரும் உளர்! இச்சிலேற்றுத் தொழிலாளர்க்கு அந்நோயின்பொருட்டு இழப்பீடு வழங்க வழிசெய்த சட்டம் 1979இலேதான் நிறைவேறியது. டினோர்விக் போன்ற பெருங்கற்குழிகள் அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1969இலேயே, மூடப்பட்டுவிட்டன. சுரங்கம் கைவிடப்பட்டது என்கின்றோம். மனிதர் அதற்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தனர்.

இனி, படத்திலே நிற்கும் அந்த மனித உருவத்தைப் பார்ப்போம். முதுகு காட்டி, பேரழகின்முன் தனித்து நிற்கும் மனிதன் ஐரோப்பிய ஓவியத்துக்குப் புதியவன் அல்லன். 1818ஆம் ஆண்டளவில் ஜேர்மானிய ஓவியர் கஸ்பர் டேவிட் பிரீட்றிக் வரைந்த, மூடுபனிக் கடலின்மேல் நிற்கும் வழிப்போக்கனின் நேர்வாரிசு அவன். மலையையும் பனியையும் நோக்கி நின்ற அவ்வுருவை அப்படியே பெயர்த்துச் சுரங்கத்தினுள் நிறுத்தியதும், சுரங்கம் மலையாகிவிடுகின்றது. உழைப்பின் வடு இயற்கையின் காட்சியாகிவிடுகின்றது. நம் மாணவர் ஏமாந்தது இங்கேதான். உருவம் உள்ளடக்கத்தை எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கு இஃது ஒரு நல்ல பாடம். நடார் பொம்மையை நிறுத்திய இடத்திலே இன்று படப்பிடிப்பாளன் தன்னையே நிறுத்திக்கொள்கின்றான். உழைத்தவனின் இடத்திலே பார்வையாளன் வந்து நிற்கின்றான். 'கண்டுபிடித்தோம்' என்றும் கூறுகின்றான். ஆயிரவர் நாள்தோறும் சென்றுவந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

இக்கலைவகையிற் பெரும்புகழ் பெற்ற காட்சிகளுள் ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். கொறிஸ் என்னும் ஊரை அடுத்த கைவெர்ன் என்ற பழைய சிலேற்றுச் சுரங்கத்தின் வாயிலூடே, அது மூடப்பட்ட பின்னர், வேண்டாத மோட்டார் வண்டிகளைத் தள்ளிவிட்டிருக்கின்றனர். துருவேறி நீரிலே குவிந்து கிடக்கும் அவ்வண்டிகளின்மேல் மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை விழுகின்றது. பலரும் விரும்பிப் படமெடுக்கும் காட்சி அது. படம் அழகானதே. ஆயின் அச்சுரங்கத்தை உலகறியச் செய்தது அதனை ஆக்கியவரின் உழைப்பன்று, பின்வந்தோரின் குப்பை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

படத்திலே மனிதன் இல்லாமையே குற்றம் என நாம் கூறவில்லை. ஜேர்மானியரான பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் சுரங்கவாய்க் கோபுரங்களையும் தொழிற்சாலைக் கட்டடங்களையும் மனிதரின்றியே படமெடுத்தனர். 1966இல் தென் வேல்ஸின் நிலக்கரிப் பிரதேசத்துக்கும் சென்றனர். மங்கிய ஒளியிலே, நேர்முகமாக, ஒன்றையொத்த பலவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டும் அப்படங்களில் மருட்சி இல்லை. ஒவ்வொரு கோபுரமும் யாரோ சிலர் ஒரு தேவைக்காகச் சிந்தித்து ஆக்கிய கருவி என்பது பார்ப்பவனுக்குப் புலனாகின்றது. மனிதன் இல்லாமலே மனிதச் செயலைக் காட்டலாம் என்பதற்கு இது சான்று.

சுரங்கம் புகும் படப்பிடிப்பாளரிடையேயும் இவ்வழி நிற்போர் உளர். பாறை முகத்திலே இன்னும் தொங்கும் சங்கிலி. சுவரிலே ஒட்டிய களிமண் கட்டியும் அதிற் பதிந்த மெழுகுதிரியின் தடமும். வண்டிகளின் தொகையைக் குறித்த சுண்ணக்கோடுகள். சேற்றிலே உறைந்த ஆணிச் சப்பாத்தின் சுவடு. இவற்றை அருகிருந்து எடுத்த படங்களைப் பார்க்கும்போது வியப்பு மட்டும் எழுவதில்லை, உறவும் எழுகின்றது. கூரைகள் இடிந்து வழிகள் அடைபடும்போது இப்படங்களே எஞ்சும் ஆவணங்களாகும். அவற்றை எடுத்தோர்க்குத் தொழிலாளர் வரலாறு கடமைப்பட்டுள்ளது.

இன்னொன்று, படத்தின் கீழே எழுதப்படும் குறிப்பு. அமெரிக்காவின் லூயிஸ் ஹைன் நம்மைப் போன்று பள்ளியாசிரியராக இருந்தவர். குழந்தை உழைப்பை எதிர்த்த தேசியக் குழுவுக்காக அவர் 1911 சனவரியிலே பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், கரியினின்று கல்லைப் பொறுக்கும் சிறுவர்களைப் படமெடுத்தார். இடம், நாள், வேலையின் தன்மை, தூள் மண்டிய காற்று ஆகியவற்றைத் தம் குறிப்புகளிலே அவர் பதிந்துவைத்தார். படம் கண்ணைக் கவர்ந்தது. குறிப்பு தப்பிச்செல்லும் வழியை அடைத்தது. 'வட வேல்ஸ்' என்று மட்டும் எழுதுபவர், மேலும் ஒரு வரி சேர்த்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதற்காக, எவரால் அகழப்பட்டது என்று எழுதினால் அழகு குறைந்துவிடுமோ? குறையாது. பார்ப்பவனின் வியப்பு இயற்கையிடமிருந்து மனிதனை நோக்கித் திரும்பும்.

அம்மனிதரைப் பற்றி அறிந்துகொள்ளச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. வட வேல்ஸ் கற்குழித் தொழிலாளர் 1874இலேயே சங்கம் அமைத்தவர்கள். சுரங்கத்தினுள்ளே உணவருந்தும் 'கபான்' என்னும் குடில்களிலே அவர்கள் அரசியலும் சமயமும் கவிதையும் விவாதித்தனர். பெதஸ்தாவின் பென்றின் கற்குழியிலே 1900 முதல் 1903 வரை மூன்றாண்டுகள் நீடித்த போராட்டத்தின்போது, 'இவ்வீட்டிலே துரோகி இல்லை' என்று அச்சிட்ட அட்டைகளைத் தம் சாளரங்களிலே வைத்தனர். எதிர்நின்ற பென்றின் குடும்பத்தின் செல்வமோ யமேய்க்காவின் அடிமைத் தோட்டங்களிலே விளைந்தது. கற்குழித் தொழிலாளியின் மகளாகிய கேற் றொபேட்ஸ் 1936இலும், றோலண்ட் ஹியூஸ் 1946இலும் இம்மக்களின் வாழ்வை வேல்ஸ் மொழியிலே நாவல்களாக்கினர். இலக்கியம் செய்த பணியை ஒளிப்படமும் செய்யலாம். வேண்டுவது கூடுதல் விளக்கன்று, கூடுதல் வாசிப்பு.

ஒவ்வொரு படத்திலும் ஒரு கோஷம் வேண்டும் என்று நாம் கேட்பதாக எவரும் கருதற்க. அழகு குற்றமன்று. நெடுங்காலம் இருளிலே கிடந்த ஒரு கூடம் ஒளிபெறும்போது எழும் வியப்பு உண்மையானது. அவ்வியப்பு எவருக்குரியது என்பதே எமது கேள்வி. 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேற்று நிலக்காட்சியை உலக மரபுரிமையாக அறிவித்தது. 2023இல் கும்மோர்தின் என்னும் பழைய சுரங்கத்திலே, நிலமட்டத்திற்கு நானூறு மீற்றருக்கும் கீழே, பணம் செலுத்தி இரவு துயிலும் விடுதி திறக்கப்பட்டது. சுரங்கத்தின் அமைதி இன்று ஒரு பண்டம். உழைத்தவன் நினைவு அகற்றப்பட்ட படம், படைத்தவன் விரும்பாவிடினும், அப்பண்டத்தின் விளம்பரமாகிவிடுகின்றது.

தொலைநாட்டுச் செய்தி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இலே போரினால் மூடப்பட்டது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் நம் வடபுலத்திலேயே கிடக்கின்றன. நாளை நம் இளைஞர் கருவியோடு அங்கே செல்வர், செல்லட்டும். நீரின் நீலத்தைப் படமெடுக்கட்டும். கரையிலே நிற்கும் முதியவர் ஒருவரிடம், இங்கே வேலை செய்தவர்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு, அதனையும் படத்தின் கீழே எழுதட்டும்.

அம்மாணவர் மறுவாரம் மீண்டும் வந்தார். அதே படத்தைப் பெரிதாக்கி, இடப்புறச் சுவரிலே நாம் கவனியாத ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நிழலோடு நிழலாக, பாறையிலே வரிசையாகச் சில துளைகள். "இவை உளித்துளைகள் தானே, சேர்?" என்றார். ஆம், அவையேதான். படம் எடுத்தவர் அவற்றைக் கண்டிருந்தாரோ இல்லையோ, இப்போது பார்ப்பவர் கண்டுவிட்டார்.